வாசல் திறப்பதும் இராட்டினம் திறப்பதும்

டிங். டிங். டொக்.

மூன்றாவது சத்தத்தில் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். கண்டிக்குப் பக்கத்தில் வத்தேகமவில் என் வீட்டை ஒட்டினாற்போல் ஒரு கராஜ். அங்கே ஒருவர் வேன் சக்கரத்தின் நட்டுகளை ஸ்பானரால் தட்டிக்கொண்டிருந்தார். சோதிக்கத் தட்டவில்லை. காதில் தொலைபேசி, கையில் ஸ்பானர், கை சும்மா இருக்க மாட்டாமல் தட்டியது.

வேலியோரம் போய் நின்றேன். "தம்பி, அந்த மூணாவது நட்டு இறுகல."

"கிட்டக்கூட வரலையே நீங்க, எப்படிண்ணே தெரியும்?"

"அதுவே சொல்லுது. நீங்க போன வச்சா ஒங்களுக்கும் கேக்கும்."

அவர் சிரித்தார். இறுக்கிப் பார்த்தார். அரைச் சுற்றுப் போனது. சிரிப்பு நின்றது. "குறி பாக்குறவரா நீங்க?" என்றார்.

இல்லை. திகனப் பக்கத்தில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் இருபத்திரண்டு வருடம் இராட்டினங்களுக்குக் காது கொடுத்தவன். ஐம்பத்தைந்து வயதில் அனுப்பிவைத்தார்கள். காலுக்கு ஓய்வு வந்துவிட்டது. காதுக்கு இன்னும் வரவில்லை.

அன்று மத்தியானமே நிரோஷன் பேசினான். நான் விட்டுவந்த இடத்தில் இப்போது அவன்தான் பொறுப்பு.

"ராஜு அண்ணே, வாசல்ல ஒரு பலகை வைக்கச் சொல்றாங்க. 'திறக்கும் நேரத்தில் வாருங்கள், முதல் சுற்று உங்களுக்கே'ன்னு. சனமும் போன் எடுத்து அதையேதான் கேக்குது, புள்ளகுட்டியோட விடியவே கெளம்பி வந்தா புண்ணியம் உண்டான்னு. நான் என்ன சொல்றது?"

"அந்தப் பலகைய வைக்காத" என்றேன். வாயில் முதலில் வந்தது அதுதான். ஏன் என்று அவன் கேட்டான். தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் பத்து வருடம் எண்ணெய்ப் போத்தலும் கையுமாகத் திரிந்தேன். கொழுந்தை வாட்டுகிற தட்டுகளின் கீழே சுற்றும் காற்றாடிகளோடும் உருட்டு மெஷின்களோடும் பேசப் பழகினேன். பூங்கா கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கொழுந்து வாசம் போகாத சட்டையோடே போய் வேலை கேட்டேன். என் பயிற்சியெல்லாம் இவ்வளவுதான். மற்றதைச் சிவபாதம் சேர் பார்த்துக்கொண்டார்.

சிவபாதம் சேர் யாழ்ப்பாணத்தவர். ஏதோ ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளராக இருந்து, அது மூடியபின் எங்களிடம் வந்தவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் சின்னச் சுத்தியல். பேனா வைக்கிற பையில் சுத்தியல் வைத்த ஒரே மனிதர். சட்டைப் பை எப்போதும் ஒரு பக்கமாகத் தொங்கும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. தப்புச் செய்தவனை நோக்கி மெதுவாக நடந்து வருவார். பக்கத்தில் நிற்பார். அவன் பார்க்கிற பக்கமே தானும் பார்ப்பார். பிறகு ஒரே கேள்வி.

"கண்டனீரோ? இல்லாட்டி நினைச்சனீரோ?"

பூட்டு விழுந்துவிட்டது சேர் என்றால், கண்டனீரோ, நினைச்சனீரோ. பிரேக் பிடிக்கிறது சேர் என்றால், கண்டனீரோ, நினைச்சனீரோ. முதல் ஆறு மாதத்தில் நான் எத்தனை விஷயங்களை நினைத்துக்கொண்டு மட்டும் வாழ்ந்திருக்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அவர் வைத்த முறை இது. காலை ஆறரைக்கு நாங்கள் உள்ளே இருக்க வேண்டும். ஒவ்வொரு நட்டின் மேலும், அது உட்கார்ந்திருக்கிற தகட்டின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்திருக்கும். நட்டு அசைந்தால் கோடு உடையும். அந்தக் கோட்டை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்க வேண்டும். சுத்தியலால் ஒரு தட்டு. இறுகியிருந்தால் மணி மாதிரிப் பாடும். தளர்ந்திருந்தால் தொண்டை கட்டியவன் மாதிரி இருமும். திகனப் பள்ளத்தில் காலையில் பனி இறங்கிக் கிடக்கும். ஈர இரும்பில் கோடு தெரியாது. துணியால் துடைத்து, பார்த்து, தட்டி, அடுத்தது. பெரிய இராட்டினத்தில் பதினாறு கைகள், பதினாறு பெட்டிகள். துடைத்துத் துடைத்து விரல் நுனி வெள்ளையாக ஊறிப்போகும்.

பிறகு மூன்று சுற்றுகள். முதல் சுற்று வெறும் பெட்டிகளோடு. இரண்டாவது, பெட்டிக்குப் பெட்டி மணல் மூட்டைகளை ஏற்றி. மூன்றாவது சுற்றில் ஆள் ஏற வேண்டும். வேறு யாருமில்லை, சோதித்தவனேதான். "நீர் ஏறாத பெட்டியிலை சனத்தை ஏத்தக்கூடாது" என்பார் சேர். மூன்றும் முடிந்த பிறகுதான் அந்த இராட்டினத்தின் வாசலில் தொங்குகிற பலகையைத் திருப்பலாம். ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் பச்சை. சோதித்தவன் கையைத் தவிர வேறு கை அந்தப் பலகையில் படக்கூடாது. முதலாளியின் கையும்தான்.

வாசல் ஒன்பது மணிக்குத் திறக்கும். இராட்டினங்களுக்குத் தனித்தனியாக அவையவற்றின் ஒன்பது மணி உண்டு. இதுதான் நிரோஷனுக்கு நான் சொல்ல வேண்டிய முதல் விஷயம்.

இரண்டாவது, சனத்தைப் பற்றியது. கண்டி டவுன் குடும்பங்கள் பதினொரு மணிக்கு மேல், குளித்துச் சாப்பிட்டு, வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வருவார்கள். எங்கள் தோட்டத்துச் சனம் எட்டு மணிக்கே வாசலில் நிற்கும். யாரும் சொல்லாமலே வரிசையாக நிற்கும். எனக்கு அது புரியும். தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு, பிந்திப் போனால் அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைய நாளே இல்லை. பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எங்கள் முழங்காலில் இருக்கிறது. பூங்காவுக்கு வந்தாலும் அது கூடவே வரும். வாசல் திறந்ததும் சனம் கலைந்து ஓடாது. முதலில் கண்ணில் படுகிற இராட்டினத்தின் முன் போய் மறுபடி வரிசையாக நிற்கும். உள்ளே இருபது விளையாட்டுகள் ஆளில்லாமல் கிடக்கும். ஒன்றின் முன்னால் மட்டும் நூறு பேர்.

அதனால் கேட்கிற குடும்பங்களுக்கு ஒளிவில்லாமல் சொல்லலாம். விடியவே வந்தால் லாபம்தான். வெயில் ஏறாத முதல் இரண்டு மணி நேரம் பூங்கா முழுவதும் உங்களுடையது. குதிரை இராட்டினத்தில் ஒரு பிள்ளை ஆறு தரம் இறங்காமல் சுற்றலாம். தண்ணீர்ச் சறுக்கில் முன்னால் யாருமில்லை. உள்ளே நுழைந்ததும் ஆகக் கடைசி மூலைக்குப் போய், அங்கிருந்து வாசல் நோக்கி வாருங்கள். ஒன்று பூட்டிக் கிடந்தால் அதை விட்டு அடுத்ததுக்குப் போங்கள். ஆனால் ஒரேயொரு விளையாட்டை மனதில் வைத்துக்கொண்டு, அதற்கொரு நேரத்தையும் கட்டிக்கொண்டு வராதீர்கள். அந்த நேரம் உங்கள் கையில் இல்லை. எங்கள் கையிலும் இல்லை.

இதை நான் சரோஜாவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது வேறு.

சரோஜா என் தங்கச்சி இருக்கிற லயத்து வரிசை வீடுகளில் நாலாவது காம்பராக்காரி. கொழுந்து எடுக்கிறவள். வத்தேகம பஸ் நிலையத்தில் ஒருநாள் என்னைக் கண்டுவிட்டு ஓடி வந்தாள். கையில் புதுக் கைப்பை. அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். உள்ளே பாஸ்போர்ட்.

"அண்ணே, வார சனிக்கிழம நான் வெளிநாட்டுக்குப் போறேன். வீட்டு வேலைக்கு. ரெண்டு வருசம்."

"மூத்தவ என்ன சொல்றா?"

அவள் முகம் மாறியது. "டிலுக்ஷி என்கிட்ட பேசுறதே இல்லண்ணே. எட்டு நாளாச்சு. சாப்பாடு போட்டா சாப்புடுறா, தலை சீவ வந்தா தலைய குடுக்குறா. வாயத் தொறக்கிறதில்ல. அவங்கப்பா கேட்டதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லியிருக்கா. அம்மா போறதுக்கு முந்தி பெரிய ராட்டினத்துல என்கூட ஒரு சுத்து வரணும். வந்தாத்தான் பேசுவேன்னு."

சனிக்கிழமை மத்தியானம் இரண்டரைக்குக் கண்டியில் ஏஜென்சிக்காரர்களின் பஸ். அங்கிருந்து கட்டுநாயக்க விமான நிலையம். அதைத் தவறவிட்டால் எல்லாமே போய்விடும். ஒரு வேன் பேசி, பெட்டியோடு பூங்காவுக்கு வந்து, ஒரு மணிக்குக் கிளம்பி நேரே கண்டிக்குப் போகலாமா என்று கேட்டாள்.

"தாராளமா" என்றேன். "தெறக்கிற நேரத்துக்கு வந்துருங்க. மொத சுத்து ஒங்களுக்குத்தான். நான் ஏத்திவிடுறேன்."

கண்டு சொன்னேனா, நினைத்துச் சொன்னேனா? நினைத்துத்தான் சொன்னேன். சேர் பக்கத்தில் இருந்திருந்தால் கேட்டிருப்பார். அந்த வாரம் அவர் உறவில் ஒரு மரணம் என்று யாழ்ப்பாணம் போயிருந்தார். பெரிய இராட்டினத்தின் பொறுப்பு என்னிடம் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை பனி வழக்கத்தைவிடக் கனத்துக் கிடந்தது. மேலே ஏறினால் என் காலே எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நட்டாகத் துடைத்துக்கொண்டே போனேன். ஒன்பதாவது கை பாடியது. பத்தாவது பாடியது. பதினோராவது கையில் அச்சுப் பக்கத்து போல்ட்டைத் தட்டினேன்.

டொக்.

துடைத்தேன். மஞ்சள் கோடு உடைந்திருந்தது. நகக்கண் அளவுதான். இன்னும் இரண்டு தரம் துடைத்தேன், பார்வைக் கோளாறாக இருக்கட்டும் என்று. கோடு உடைந்தேதான் இருந்தது. கழற்றிப் பார்த்தால் போல்ட்டின் திருகு மரை தேய்ந்து வழவழத்திருந்தது. இறுக்கினால் பிடிக்காது. மாற்ற வேண்டும்.

கீழே இறங்கும்போது பூங்கா வாசல் திறக்கிற மணி அடித்தது. பனிக்குள்ளிருந்து நாலு பேர் நேரே என்னிடம் வந்தார்கள். எனக்காகவே வந்த வரிசை. சரோஜா புதுச் செருப்பில் தடுமாறித் தடுமாறி. அவள் புருஷன் முத்துராஜா ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிய பையோடு. தோளில் சின்னவன் கவின். பின்னால் இரண்டடி தள்ளி, யார் கையையும் பிடிக்காமல், பத்து வயது டிலுக்ஷி.

"வந்துட்டோம்ணே! எட்டுக்கே வந்துட்டோம். நாங்கதான் மொத ஆளு" என்றாள் சரோஜா.

நான் பலகையைப் பார்த்தேன். சிவப்பு.

"தங்கச்சி, ஒரு போல்ட்டு மாத்தணும். கொஞ்சம் நேரமாகும். நீங்க போயி மத்ததெல்லாம் பாத்துட்டு வாங்க. ஒங்க எடத்த நான் வச்சிருக்கேன்."

"எவ்வளவு நேரம்ணே?"

"தெரியல."

அவள் மகளைப் பார்த்தாள். மகள் இராட்டினத்தைப் பார்த்தாள். "இல்லண்ணே, நாங்க இங்கயே நிக்கிறோம்" என்றாள் சரோஜா. "வரிசைய விட்டா பேரு போயிரும்."

"இது பெரட்டு இல்லம்மா, யாரும் ஒன் பேர வெட்ட மாட்டாங்க."

"தெரியும்ணே. இருந்தாலும் நிக்கிறோம்."

முத்துராஜா மட்டும் கவினைத் தூக்கிக்கொண்டு குதிரை இராட்டினத்துக்குப் போனான். அங்கே ஒரு குருவி இல்லை. கவினின் கூச்சல் மட்டும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. தாயும் மகளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிவப்புப் பலகையின் கீழே நின்றார்கள்.

ஸ்டோரில் இருந்த ஒரே போல்ட்டின் மரையில் கீறல். அதைத் திருப்பி வைத்தேன். மனேஜர் ஹசன் நானா வந்துவிட்டார். திகனக்காரர். கோபம் வந்தாலும் உதட்டோரச் சிரிப்புப் போகாத மனிதர்.

"ராஜு, என்ன இது? பெருநாள் லீவு மாதிரி சனம் வரப்போகுது, நீங்க ராட்டினத்துக்கு ரெஸ்ட் குடுத்திருக்கீங்க. அந்தப் பதினொண்டாம் பெட்டிய மட்டும் பூட்டிட்டு மத்தத ஓட்டேலாதா?"

"ஏலாது நானா. பெட்டிப் பூட்டு இல்ல, கையோட போல்ட்டு. ஒரு கை தளந்தா பக்கத்துக் கை ரெண்டும் அந்தப் பாரத்தத் தூக்கணும்."

"எவ்வளவு விலகியிருக்கு?"

"நகக்கண்ணு அளவு."

"நகக்கண்ணு அளவுக்கு முழு நாளும் மூடுறதா! சிவபாதம் சேருக்குப் போன் எடுத்துக் கேளுங்க. அவரு ஓட்டச் சொன்னா ஓட்டுங்க."

எடுத்தேன். மறுமுனையில் ஆட்கள் பேசுகிற இரைச்சல். செத்தவீடு. அதிலிருந்து விலகி அவர் குரல் மட்டும் வெளியே நடந்து வந்தது.

"ஓம், சொல்லும்."

சொன்னேன். கோடு, சத்தம், மரை தேய்ந்தது, வாசலில் நிற்கிற சனம். சரோஜாவையும் சொன்னேன். அவளைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. என் மனம் ஏதோ ஒரு கதவைத் தேடியிருக்கிறது.



"கண்டனீரோ? நினைச்சனீரோ?"

"கண்ணால பாத்தேன் சேர்."

"நான் காணேல்லை. கண்ட ஆள் நீர். பிறகேன் காணாத ஆளிட்டைக் கேக்கிறீர்?" தொடர்பு துண்டிக்கப்படவில்லை. ஒரு மூச்சு கேட்டது. "அந்தப் பிள்ளைக்கு நேரடியாச் சொல்லும். ஒளிக்காதையும். வைக்கட்டே?"

ஹசன் நானாவிடம், "ஓட்ட மாட்டேன்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். தேய்ந்த போல்ட்டைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டார். கண்டிக்கு அவரே போனார்.

நான் டிலுக்ஷியிடம் போய்க் குந்தினேன். "புள்ள, மொத சுத்து ஒங்களுக்குன்னு சொன்னேன். ஒரு போல்ட்டு கெட்டுப் போச்சு. அது வந்து மாத்துற வரைக்கும் யாரையும் ஏத்த மாட்டேன். ஒரு மணிக்கு முந்தி முடியுமான்னு எனக்குத் தெரியாது."

"நீங்கதான சொன்னீங்க" என்றாள்.

"ஆமா. நான்தான் சொன்னேன்."

அவள் இராட்டினத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது, உச்சந்தலையில் சுத்தியல் விழுந்த மாதிரி.

காத்திருக்கிற நேரத்தில் பத்தாவது, பன்னிரண்டாவது கைகளின் போல்ட்டுகளைக் கழற்றிச் சோதித்தேன். ஒன்று கெட்டால் அதன் இரண்டு பக்கத்தையும் பார்ப்பது சேரின் சட்டம். நான் மேலே, அவர்கள் கீழே. பனி கலைந்தது. வெயில் வந்தது. டவுன் சனம் வந்தது. தாய்க்கும் மகளுக்கும் பின்னால் வரிசை வளர்ந்து வளர்ந்து ஐஸ்கிறீம் கடையைத் தாண்டியது. பின்னால் நின்றவர்கள் சலித்துக் கலைந்து வேறெங்கோ போனார்கள். வேறு ஆட்கள் வந்து நின்றார்கள். முதல் இரண்டு பேர் மட்டும் அசையவில்லை.

பத்தரை இருக்கும். கீழே சரோஜா மகளின் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னிக்கொண்டிருந்தாள். பூங்காவின் நடுவில், நூறு பேர் பார்க்க.

"அங்கயும் பெரட்டு இருக்கா?" டிலுக்ஷியின் குரல்.

ஸ்பானரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

சரோஜாவின் கை நிற்கவில்லை. நின்றால் பேச்சும் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "இல்லடி. வீட்டுக்குள்ளதான வேல."

"அப்ப எத்தன மணிக்கு எந்திரிக்கிறதுன்னு ஒனக்கு யாரு சொல்லுவா?"

"நானே எந்திரிப்பேன்."

"பொய்யி. சங்கு ஊதாட்டி நீ எந்திரிக்கவே மாட்ட. அப்பாதான் தண்ணி தெளிப்பாரு."

"அடி வாயாடி. எட்டு நாளா இத வச்சுக்கிட்டா இருந்த?"

"இன்னும் இருக்கு" என்றாள் மகள்.

இருந்தது. ஸ்கூல் கொப்பியில் யார் கையெழுத்து வைப்பது, தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் எந்த வீட்டில் சொல்வது, அங்கே அவர்கள் பேசுகிற பாஷையில் பசிக்கிறது என்பதற்கு என்ன சொல்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சிலதற்குச் சரோஜாவிடம் பதில் இருந்தது. பலதற்கு இல்லை. இல்லாததற்கு இல்லை என்றே சொன்னாள்.

பதினொன்றே முக்காலுக்கு ஹசன் நானா வந்தார். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. "ஒண்டு கேட்டீங்க. ஆறு கொண்டாந்திருக்கேன். இனி ஆறு மாசத்துக்கு எனக்கிட்ட போல்ட்டுப் பேச்சுப் பேசப்படாது!"

ஏறினேன். போட்டேன். இறுக்கத்தின் அளவு காட்டுகிற நீள ஸ்பானரைச் சேரின் அலுமாரியிலிருந்து எடுத்து, மூன்று தரம் இறுக்கிப் பார்த்தேன். தட்டினேன். பாடியது. புதுக் கோடு இழுத்தேன். பெயின்டின் வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. பன்னிரண்டு பத்துக்கு வெறும் சுற்று. பிறகு மணல் மூட்டைகள். பதினாறு பெட்டிகளுக்கும் நானும் இன்னும் இரண்டு பேருமாகத் தூக்கி வைத்தோம். முத்துராஜாவும் கம்பியைத் தாண்டி வந்து ஒரு மூட்டையைத் தோளில் வைத்தான். கொழுந்துச் சாக்குச் சுமந்த தோள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மணல் சுற்று முடிந்து மூட்டைகளையும் இறக்கியபோது ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

வேன்காரர் வந்துவிட்டார். கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். "தென்னக்கும்புர பாலத்துல நெரிசல்னு சொல்றாங்க. ஒரு மணிக்கு மேல ஒரு நிமிசம் நிக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

மூன்றாவது சுற்றுக்கு நான் பதினோராம் பெட்டிக்குள் ஏறக் காலை வைத்தேன். சரோஜா கம்பியைப் பிடித்து எட்டினாள். மெதுவாக, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

"அண்ணே, நீங்க எப்பிடியும் ஏறத்தான போறீங்க. எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சுக்கங்களேன். இது முடிஞ்சா எனக்கு நேரமில்ல."

அவள் கண்களைப் பார்த்தேன். பிச்சை கேட்கிற கண்கள் இல்லை அவை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, நியாயமாகக் கேட்கிற கண்கள். போல்ட் புதிது. இறுக்கியது நான். மணல் சுற்றும் போய்விட்டது. இன்னும் என்ன இருக்கிறது? ஹசன் நானா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஏற்றினால் நான் பார்க்கவில்லை என்று அந்த முதுகு சொன்னது.

"ஏலாது தங்கச்சி" என்றேன். "நல்லாருக்குன்னு நான் நெனைக்கிறேன். அதப் பாக்கத்தான் ஏறுறேன். பாத்துட்டு எறங்கினாத்தான் நீங்க ஏறலாம்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சுற்றை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். எட்டு நிமிடம். கீழே மோட்டாரை இயக்குகிறவன் ஒவ்வொரு கால்வட்டத்திலும் நிறுத்த, நான் கம்பியில் காதை வைத்துக் கேட்க வேண்டும். அந்த எட்டு நிமிடத்தை ஏழாக்க என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. உச்சியில் நின்றபோது கீழே நீர்த்தேக்கம் வெயிலில் தகடாய்க் கிடந்தது. ஹுன்னஸ்கிரி மலை முழுசாகத் தெரிந்தது. இதையெல்லாம் பார்க்கத்தான் அந்தப் பிள்ளை வந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காதை இரும்பில் வைத்தேன். சுத்தம். அடுத்த கால்வட்டம். சுத்தம். கீழே நாலு தலைகள் கம்பியை விட்டு விலகி வாசல் பக்கம் நகர்வது தெரிந்தது. கத்திக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? இன்னும் ஒரு கால்வட்டம் பாக்கி இருந்தது. கேட்டேன். சுத்தம்.

இறங்கினேன். பலகையைப் பச்சைக்குத் திருப்பினேன். பின்னால் சனம் கைதட்டியது. நான் வாசலை நோக்கி ஓடினேன். இருபத்திரண்டு வருடத்தில் பூங்காவுக்குள் நான் ஓடியது அன்று மட்டும்தான்.

வேன் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கூரையில் பெட்டி கட்டியிருந்தது. ஒரு மணி தாண்டி மூன்று நிமிடம்.

"தெறந்தாச்சு" என்றேன், மூச்சு வாங்க. "நாலே நிமிசம். ஒரு சுத்து. ஒங்களத்தான் முதல்ல ஏத்துவேன்."

வேன்காரர் கடிகாரத்தைத் தட்டுவதை நிறுத்தினார். சரோஜாவைப் பார்த்தார். முத்துராஜாவும் அவளைத்தான் பார்த்தான். அவள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையாட்டினாள். வேண்டாம் என்று.

"பாலத்துல மாட்டிக்கிட்டா எல்லாம் போச்சுண்ணே." பிறகு மகளிடம் குனிந்தாள். "டிலுக்ஷி, நீயும் அப்பாவும் தம்பியும் இங்க நின்னு ஏறிட்டு பஸ்ல போங்க. நான் கண்டிக்குப் போயிக்கிறேன். ஒனக்கு ஆசதான?"

பிள்ளை பச்சைப் பலகை இருந்த திசையைப் பார்த்தாள். பெரிய இராட்டினத்தின் மேல் பாதி மரங்களுக்கு மேலே தெரிந்தது. அது சுற்றத் தொடங்கியிருந்தது. யாரோ உச்சியில் கத்தினார்கள்.

அவள் அம்மாவைத் தாண்டி முதல் ஆளாக வேனுக்குள் ஏறினாள். ஜன்னலோர இடத்தில் தான் உட்காராமல், அதற்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். சரோஜா போய் அங்கே உட்கார்ந்தாள். மகள் தலையைச் சாய்த்துக்கொண்டாள். முத்துராஜா கவினோடு முன்னால் ஏறினான். அவன் கழுத்துப் பட்டையில் மணல் ஒட்டியிருந்தது.

நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். எதற்கென்று கேட்பது? பூட்டி வைத்ததற்கு இல்லை. வாக்குக் கொடுத்ததற்கு. 

"நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் தங்கச்சி" என்று மட்டும் சொன்னேன்.

வேன் நகர்ந்தது. சரோஜா தலையை வெளியே நீட்டினாள்.

"நான் இல்லாதப்ப புள்ளைங்க வருவாங்கண்ணே. அன்னைக்கும் இன்னைக்கு மாதிரியே நிறுத்தி வச்சுப் பாத்துட்டு ஏத்துங்க."